எழுபத்து மூன்றாம் வாய்

வினிபெக்
14 அக்டோபர் 1984

தம்பி மார்க்கியனுக்கு,

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவன் நான். என் வாயை மட்டும் உனக்காகப் பூட்டி வைத்திருந்தேன். இன்றோடு அது முடிந்தது.

முறைப்படி முதலில் நலம் விசாரிக்க வேண்டும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லாரிசாவும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. காரணம் நேற்றைய பத்திரிகை. மூன்றாம் பக்கத்தில் உன் படம். வடக்கே உள்ள பதினோரு முதியோர் இல்லங்களுக்கு வேனில் போய்ப் பல் சுத்தம் செய்யும் திட்டத்தை வருகிற மே மாதத்தோடு நிறுத்திவிட்டு, வாய் கொப்பளிக்கும் மருந்தை பாட்டில் பாட்டிலாக அனுப்பலாமா என்று மாகாணச் சுகாதாரக் குழு யோசிக்கிறதாம். ஆதாரம், 'டாக்டர் மார்க்கியன் பவ்லிக்கின் புகழ்பெற்ற வினிபெக் ஆய்வு'. அந்த வேனில் போகிறவள் யார் என்று பத்திரிகைக்காரனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவள் நம் தங்கை ஸ்டெஃபா.

புகழில் நீ மறந்திருப்பாய், நினைவூட்டுகிறேன். தையல் ஆலைப் பெண்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். பாதிப் பேருக்கு உன் மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே புதினா வாசனையில் வெறும் தண்ணீர். அளவெடுப்பவன் நான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் போகிறது, இரத்தம் கசிகிறதா என்று சொல்ல வேண்டும். யார் மருந்துக்காரி, யார் தண்ணீர்க்காரி என்று எனக்குத் தெரியக் கூடாது. அதுதான் ஆய்வின் உயிர். ஆனால் மூன்றாம் மாதம் மருந்துக்காரிகளின் முன்பற்கள் பழுப்பேறி வந்தன. உன் மருந்தின் குணம் அது. உடனே, கறை படிந்தவர்களை எல்லாம் என்னிடம் அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஸ்டெஃபாவிடம் அனுப்பிப் பல்லைச் சுத்தம் செய்ய ஏற்பாடானது.

பல்லைச் சுத்தம் செய்தால் ஈறு ஆறும். முதல் வருட மாணவனுக்கே தெரியும். ஒரு வருடத்தில் மருந்துக்காரிகளுக்கு நான்கு முறை சுத்தம். தண்ணீர்க்காரிகளுக்கு ஒருமுறைகூட இல்லை. அவர்கள் ஈறு ஆறியது உன் மருந்தாலா, ஸ்டெஃபாவின் கையாலா? யாராலும் சொல்ல முடியாது. உன் கட்டுரையில் அந்தச் சுத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

பன்னிரண்டு பக்கத்தில் என் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. கடைசிப் பக்கத்தின் அடியில், 'அளவெடுப்பில் உதவிய ஓ. பவ்லிக்குக்கு நன்றி'. நாற்காலி இரவல் கொடுத்த கடைக்கும் அதே வரியில் நன்றி சொல்லியிருக்கிறாய்.

கிறிஸ்துமஸுக்குள் குழுவுக்கு நீயே எழுது. இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உன் அண்ணன்,
ஓரெஸ்ட்

---

டொராண்டோ
5 நவம்பர் 1984

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

நலம். தாங்களும் நலமாக இருக்க விரும்புகிறேன். இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறையுங்கள், ஊறுகாய் வெள்ளரிக்காயை அடியோடு விடுங்கள். என் முதுகு பரவாயில்லை.

தங்கள் கடிதத்தை என் காரியதரிசி பிரித்துப் படித்துவிட்டாள். நல்ல பெண், வெளியே சொல்ல மாட்டாள். இனி வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

அந்த மருந்து பல்லில் அழுக்குப் படிவதைக் குறைக்கிறது. வேறு ஊர்களிலும் பார்த்துவிட்டார்கள். வேனை நிறுத்துவது குழுவின் யோசனை, என்னுடையது அல்ல. கேட்டார்கள், கட்டுரையைக் கொடுத்தேன்.

'ஏற்பாடானது' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் ஏற்பாடு செய்தது என்று எழுதவில்லை. எப்போதும் நேராகப் பேசுபவர் நீங்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆள் இல்லாத வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். குழுவுக்கு எழுதுவதாக இருந்தால் அன்று நாற்காலிக்குப் பக்கத்தில் நடந்ததை முழுதாக எழுதுங்கள். எழுபத்து மூன்றாம் படிவத்தைப் பற்றியும் எழுதுங்கள். அதன் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

லாரிசா விசாரித்ததாகச் சொன்னாள். உண்மையில் சொல்லவில்லை, முறைக்காக எழுதுகிறேன்.

மார்க்கியன்

---

வினிபெக்
12 நவம்பர் 1984

அன்புள்ள ஸ்டெஃபா,

நலம்தானே? ஃப்ளின் ஃப்ளானில் பனி முழங்கால் வரை வந்திருக்கும். வேனின் ஹீட்டரைச் சரி செய்தார்களா? விரல் விறைத்துப்போனால் கருவியைப் பிடிக்காதே. மற்றவன் ஈறுக்கு நல்லதில்லை.

மார்க்கியனுக்கு நான் எழுதியதன் நகலையும், அவன் பதிலையும் இணைத்திருக்கிறேன். சின்ன வயதில் என் தோளில் ஏறி உட்கார்ந்து 'நீ, நீ' என்று தலையில் குட்டியவன், டொராண்டோ தண்ணீர் குடித்ததும் 'தாங்கள்' என்கிறான். நம் அப்பா போலீஸ்காரர்களை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

எனக்கு உன் நீல நோட்டு வேண்டும். ஆய்வு நடந்தபோது யாரை எந்தத் தேதியில் எத்தனை நிமிடம் சுத்தம் செய்தாய் என்று எழுதி வைத்தாயே, அது. தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். நீ பள்ளிக்கூடத்து பஸ் டிக்கெட்டையே வைத்திருப்பவள்.

உன் வேலைக்காகத்தான் இதில் இறங்கியிருக்கிறேன். உடனே அனுப்பு.

அண்ணன்,
ஓரெஸ்ட்

---

ஃப்ளின் ஃப்ளான்
9 டிசம்பர் 1984

அன்புள்ள அண்ணா,

நான் நலம். ஹீட்டர் நலமில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், பத்து நாள் சாலை மூடியிருந்தது.

திங்களன்று லிண்ட்க்விஸ்ட் என்ற பழைய சுரங்கக்காரருக்குச் சுத்தம் செய்தேன். எண்பத்தெட்டு வயது, பதினோரு பல். வேன் நிற்கப்போகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அம்மாடி, இந்தப் பதினொண்ணுக்கும் பேரு வெச்சிருக்கேன். அந்தக் கடைவாய்ப் பல்லு என் செத்துப்போன பெண்டாட்டி பேரு. ரொம்ப ஆடுது, ஆனா விட்டுட்டுப் போக மாட்டேங்குது. நீ வந்து சுரண்டலைன்னா அவளும் போயிடுவா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்குக் கீழ் ஈறோரம் முழுவதும் காரை, கல் மாதிரி. அதைக் கொப்பளித்துக் கரைக்க முடியாது. ஈறுக்கு அடியில் மருந்து போகவும் போகாது. இது உனக்கும் தெரியும், மார்க்கியனுக்கும் தெரியும்.

நீ அவனுக்கு எழுதியதைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் நானும் அந்த அறையில்தான் இருந்தேன், அண்ணா.

மூன்றாம் மாதம், நான்காவது பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தட்டில் எறிந்தாய். அந்தப் பெண் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னைக் கண்ணு தெரியாதவனா இருக்கச் சொல்லிட்டு, ஒவ்வொருத்தி பல்லுலயும் பெயிண்ட் அடிச்சு அனுப்புறீங்க. இது ஆராய்ச்சியா, சர்க்கஸா? கறையோட ஒருத்தியும் என் நாற்காலிக்கு வரக் கூடாது. தேய்ச்சுக் கழுவி அனுப்பு" என்றாய். மார்க்கியன் தயங்கினான். "அப்போ எல்லாரையும் சுத்தம் பண்ணிடலாமா?" என்று கேட்டான். அதற்கு நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. "எல்லாரையும் பண்ணினா எல்லாருக்கும் ஈறு ஆறிடும்டா. அப்புறம் நான் எதை அளக்கிறது, உன் தலையையா?"

மூன்று பேரும் சிரித்தோம். மூன்று பேரும் படித்தவர்கள். சுத்தம் செய்தால் ஈறு ஆறும் என்று நீ வாய் திறந்து சொன்னாய், நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். சொன்ன உனக்கும் உறைக்கவில்லை, கேட்ட எங்களுக்கும் உறைக்கவில்லை. அளவெடுப்பவருக்குத் தெரியக் கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அன்று நம் தலையில் இல்லை.

என் பங்கும் உண்டு. கறையை மட்டும் ரப்பர் கப்பால் தேய்த்து எடுத்திருக்கலாம். ஆனால் ஈறோரத்தில் காரை தெரிந்தால் என் கை நிற்காது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் எழுவேன்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. முழுதாக எழுதுவதாக இருந்தால் சொல், அனுப்புகிறேன். பாதி எழுதுவதற்குத் தர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு டொராண்டோ போகிறாயா?

ஸ்டெஃபா

---

வினிபெக்
21 டிசம்பர் 1984

மார்க்கியனுக்கு,

நான் சாகவில்லை. நீயும் நலமாகத்தான் இருப்பாய், விசாரிக்கத் தேவையில்லை. ஜனவரி ஏழில் வரும் நம் பழைய நாட்காட்டிக் கிறிஸ்துமஸுக்கு அங்கே வர மாட்டேன். என் பங்கு பீட்ரூட் சூப்பை உன் காரியதரிசிக்குக் கொடு. கடிதங்களைப் படித்துக் களைத்திருப்பாள்.

சுத்தம் செய்யச் சொன்னது நான்தான். மரியாதையாக ஒத்துக்கொள்கிறேன். அது என் தவறு. தெரியாமல் செய்தது. எழுபத்து மூன்று அப்படியல்ல.

எழுபத்து மூன்றாம் எண் திருமதி ஃபிகெய்ரா. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஃப்ளாஸ்க் வைத்துக்கொண்டு நாளெல்லாம் கறுப்புக் காபி குடிப்பவள். அவள் பல்லில் இருந்தது காபிக் கறை. மருந்துக் கறை என்று நினைத்து ஸ்டெஃபா அவளையும் நான்கு முறை சுத்தம் செய்துவிட்டாள். வருடம் முடிந்து, யார் எந்தக் கட்சி என்ற பட்டியலை உன் அறையில் வைத்துப் பிரித்தோம். ஃபிகெய்ரா தண்ணீர்க்காரி. ஐம்பத்தொன்பது தண்ணீர்க்காரிகளில் ஐம்பத்தெட்டுப் பேருக்கு ஈறு இருந்தபடியே இரத்தம் கசிந்தது. அவள் ஒருத்திக்கு மட்டும் ஆறியிருந்தது. வெறும் புதினாத் தண்ணீரில், உன் மருந்துக்காரிகளுக்கு எப்படி ஆறியதோ அப்படியே.

அப்போது நமக்கு உறைத்தது. உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அரை நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். பிறகு, அவள் ஊர் மாறிவிட்டாள் என்று படிவத்தில் பதிவாகி, நூற்றுப் பதினெட்டு நூற்றுப் பதினேழு ஆனது. அடுத்த வாரமே செல்கர்க் அவென்யூ ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்தேன். "டாக்டர், இப்பல்லாம் ஆப்பிள் கடிச்சா இரத்தமே வர்றதில்லை, உங்க மருந்து அருமை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாய் உன் பன்னிரண்டு பக்கத்தையும் பொய்யாக்கியது. அதை நீ ஊரைவிட்டு அனுப்பினாய்.

ஓரெஸ்ட்

---

டொராண்டோ
14 ஜனவரி 1985

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

நலம். ஏழாம் தேதி கிறிஸ்துமஸ் நன்றாக நடந்தது. அம்மாவின் வழக்கப்படி பன்னிரண்டு பதார்த்தம், மேசையில் ஒரு தட்டு அதிகம். அந்தத் தட்டு இறந்துபோனவர்களுக்கு என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சின்னவன், "ஓரெஸ்ட் பெரியப்பாவுக்கா?" என்று கேட்டான். யாரும் மறுக்கவில்லை.

'பதிவாகி' என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் ஆள் இல்லை. 'ஊர் மாறிவிட்டார், தொடர்பில் இல்லை' என்று எழுபத்து மூன்றாம் படிவத்தில் எழுதியிருப்பது யார் கைப்பட? என்னுடைய எழுத்து மருந்துச் சீட்டு எழுத்து, கடைக்காரனுக்கும் புரியாது. இது அழகான, சாய்வான, பள்ளிக்கூட எழுத்து. அந்த எழுத்துக்கு நீங்கள் பரிசு வாங்கியிருக்கிறீர்கள்.

நான் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள். நான் உங்கள் கையைப் பிடிக்கவில்லை.

சண்டை போதும். ஏன் எழுதினீர்கள் என்பதும், எதற்காக நான்கு வருடம் காத்திருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தராதது என் தவறு. இப்போது தருகிறேன். இந்த ஆய்வு ஒரு பாடப்புத்தகத்தில் அத்தியாயமாக வருகிறது. ஆசிரியர்கள்: ஓரெஸ்ட் பவ்லிக், மார்க்கியன் பவ்லிக். உங்கள் பெயர் முதலில். இந்தக் கண்டம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் அதைப் படிப்பார்கள். ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். கீழே கையொப்பம் போட்டு அனுப்பினால் போதும்.

தம்பி,
மார்க்கியன்

---

ஃப்ளின் ஃப்ளான்
17 மார்ச் 1985

அன்புள்ள அண்ணா,

நலம்தானா? ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, நீ பாடம் நடத்தும் பல் மருத்துவக் கல்லூரிக்கு போன் செய்தேன். "டாக்டர் பவ்லிக் நன்னா இருக்கார், இப்பல்லாம் சிரிக்கக்கூடச் செய்யறார்" என்றாள் அங்கே இருந்தவள். அதைக் கேட்டுத்தான் உண்மையில் பயந்தேன்.

கொப்பளிக்கும் மருந்து நாற்பது அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. முடிவு எடுப்பதற்கு முன்பே பாட்டில் வந்துவிட்டது. லிண்ட்க்விஸ்ட் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சவரம் செய்த பிறகு கன்னத்தில் தடவிக்கொள்கிறாராம். "பொம்பளைங்க திரும்பிப் பார்க்கிறாங்க, வாய்க்குள்ள வீணாக்குவேனா?" என்கிறார். ஆனால் போன மாதம் பனியால் நான் போக முடியவில்லை. அவர் மனைவி பெயர் வைத்த பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. பல்லை எடுத்தாயிற்று. இப்போது பத்து.

நானே குழுவுக்கு எழுதினேன். பதில் வந்தது. 'பணியாளர் தரப்பு அதிருப்தி பதிவு செய்யப்பட்டது.' வேலை போகிறவள் வேறு என்ன சொல்வாள் என்று நினைத்திருப்பார்கள். சுத்தம் செய்தவள் சொன்னால் எடுபடாது. அளவெடுத்தவன் சொல்ல வேண்டும். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி குழு கூடுகிறது.

முழுதாக எழுதினால்தான் தருவேன் என்றேன். இனி பேரம் பேச எனக்கு நேரமில்லை. நீல நோட்டை இதோடு அனுப்புகிறேன். எண்ணிப் பார். கட்டுரையில் மருந்துக்காரிகள் ஐம்பத்தொன்பது. என் நோட்டில் சுத்தம் செய்தவர்கள் அறுபது.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நீ என் அண்ணன். ஆனால் எழுதாவிட்டால் இங்கே வராதே.

ஸ்டெஃபா

---

வினிபெக்
25 மார்ச் 1985

அன்புள்ள ஸ்டெஃபா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நோட்டு கிடைத்தது. லிண்ட்க்விஸ்டின் பல்லுக்காக வருந்துகிறேன் என்று அவரிடம் சொல். யார் என்று கேட்டால் சொல்ல வேண்டாம்.

ஒன்பது வாரமாக மார்க்கியன் அனுப்பிய படிவம் என் மேசையில் கிடக்கிறது. என் பெயர் முதலில் அச்சாகியிருக்கிறது. முப்பது வருடம் ஈறுக்கு அடியில் குனிந்து பார்த்தவன். என்னைவிட இளையவர்கள், என்னிடம் கம்பி பிடிக்கக் கற்றவர்கள், எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவனையும் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன். கல்லூரியில் நான் சிரித்ததாகச் சொன்னவள் பொய் சொல்லவில்லை.

எழுபத்து மூன்றில் அந்த வரியை எழுதியது நான். மார்க்கியன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அவ ஊரு மாறிட்டான்னு எழுதிடு. கட்டுரையில உன் பேரு முதல்ல வரும்" என்றான். எழுதினேன். பெயர் வரவில்லை. நான்கு வருடமாக என் கோபம் அந்தப் பொய்யின் மேல் இல்லை, ஸ்டெஃபா. அதற்குப் பேசிய கூலி வரவில்லை என்பதன் மேல். இதை உனக்கு எழுதவே எனக்கு ஒன்பது வாரம் ஆயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. அதை யாருக்கும் சொன்னதில்லை. நீ சுத்தம் செய்து அனுப்பிய பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைக்கிறாய் இல்லையா? வாயைத் திறந்தவுடன் தெரியும். காரை மண்டிய வாய்களுக்கு நடுவே வழவழவென்று ஒரு வாய் வந்தால் எனக்குத் தெரியாதா? கறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிறகு, கறை இல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வருடம் முழுவதும் யார் மருந்துக்காரி என்று தெரிந்தேதான் அளந்தேன். நான்கு மில்லிமீட்டரா ஐந்தா என்று சந்தேகம் வந்த இடத்தில் அவர்களுக்குச் சாதகமாக, ஆழம் குறைத்து, நான்கு என்றேன்.

சாலை திறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஓரெஸ்ட்

---

டொராண்டோ
15 ஏப்ரல் 1985

அண்ணாவுக்கு,

நலம். படிவம் இன்னும் வரவில்லை. அச்சகத்தார் நெருக்குகிறார்கள்.

நீங்கள் குழுவுக்கு எழுதப்போவதாக லாரிசாவிடம் ஸ்டெஃபா போனில் சொன்னாளாம். எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் பார்த்தவுடன் எனக்குத்தான் போன் செய்வார்கள். பதவி உயர்வு கிடைக்காத மூத்த சகோதரர், சக ஆசிரியர்கள் எல்லோரோடும் வழக்கு உள்ளவர், பாவம் என்பேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அதன்பிறகு உங்கள் கடிதத்தை யாரும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்கள்.

உங்கள் பெயர்தான் உங்களுக்கு எதிரி. அதை எங்கே போட வேண்டுமோ அங்கே போடுங்கள். படிவத்தில்.

மார்க்கியன்

---

வினிபெக்
22 ஏப்ரல் 1985

மாகாணச் சுகாதாரக் குழுவின் தலைவர் அவர்களுக்கு,

தாங்களும் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதியோர் இல்லங்களுக்குப் போகும் பல் சுத்த வேனை நிறுத்துவதற்கு ஆதாரமாகத் தங்கள் முன் இருக்கும் வினிபெக் ஆய்வு அதற்கு ஆதாரம் ஆகாது. அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வரவில்லை. அது சுத்தம் செய்யும் கைக்கு மாற்று என்று இந்த ஆய்வு காட்டவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மருந்து பெற்ற பெண்களுக்கு, கறை நீக்குவதற்காக என்று, ஒரு வருடத்தில் நான்கு முறை முழுதாகப் பல் சுத்தம் செய்யப்பட்டது. தண்ணீர் பெற்றவர்களுக்குச் செய்யப்படவில்லை. செய்யச் சொன்னவர் அளவெடுத்தவர். அவருக்கு யார் எந்தக் கட்சி என்று தெரியாது எனக் கட்டுரை சொல்கிறது. அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்த இடங்களில் மருந்துக்குச் சாதகமாக அளந்தார்.

இணைத்துள்ள நீல நோட்டில் சுத்தம் செய்யப்பட்ட அறுபது பேரின் எண், தேதி, நிமிடம் எல்லாம் உள்ளன. கட்டுரைப்படி மருந்து பெற்றவர்கள் ஐம்பத்தொன்பது பேர். அதிகமாக இருப்பவர் எழுபத்து மூன்றாம் எண், திருமதி ஃபிகெய்ரா. தண்ணீர் பெற்றவர். சுத்தம் செய்யப்பட்டவர். ஈறு ஆறியவர். ஊர் மாறிவிட்டதாகக் காரணம் காட்டி நீக்கப்பட்டார். அவர் எங்கும் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை தையல் ஆலை வாசலில் காத்திருந்து அவரைப் பார்த்தேன். நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகு யாரும் அவருக்குப் பல் சுத்தம் செய்யவில்லை. "மருந்து நின்னதும் மறுபடி இரத்தம் வருது டாக்டர், அது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் கொப்பளித்தது வெறும் தண்ணீர் என்று சொன்னேன். நம்பவில்லை. தன்னை ஏன் ஏமாற்ற வேண்டும் என்று கேட்டார். தங்களை வந்து பார்க்க அவர் சம்மதித்திருக்கிறார். விலாசம் நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

ஆய்வை நடத்தியவர் தெரிந்து செய்த பிழை எழுபத்து மூன்றாம் எண்ணை நீக்கச் சொன்னது. அதைத் தன் கைப்பட எழுதியவர் வேறு ஒருவர். அவர் மேல் இரக்கம் வேண்டாம். அவர் கட்டுரையில் பெயர் வரும் என்று நம்பி எழுதினார்.

இந்தக் கடிதத்தை டைப் அடிக்கவில்லை. எழுபத்து மூன்றாம் படிவத்தை வரவழைத்து, அதிலுள்ள வரியையும் இந்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் முன்னால் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்றில் என் பெயர் அழகாக, முதலாவதாக, அச்சில் இருக்கிறது. கீழே ஒரு கோடு காலியாக இருக்கிறது. அதைக் காலியாகவே டொராண்டோவுக்குத் திருப்பி அனுப்புகிறேன். மற்றது இந்தக் கடிதம். இதன் கீழே பெயரைப் போட்டால் அண்ணன் தம்பிச் சண்டை என்று மடித்து வைத்துவிடுவீர்கள். பெயர் இல்லாவிட்டால் நோட்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கும். என் பெயர் எங்காவது வர வேண்டும் என்று எத்தனையோ வருடம் எரிந்தவன் நான். இதில் வர வேண்டாம். கையொப்பம் இல்லாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.